ஐந்து மணி வரை இலவச ரத்து

சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அவர் ரேட்டு மாமா. கண்ணாடிக்கடை வைத்திருப்பவர், கண் பரிசோதித்து பவர் எழுதிக் கொடுப்பவர் என்பதெல்லாம் அப்புறம்தான். யார் எந்த ஊருக்குக் கிளம்பினாலும் முதலில் அவருக்குத்தான் போன் வரும். எந்த ஓட்டலில் எந்தக் கிழமை எவ்வளவு இறங்கும் என்பது அவருக்கு அத்துப்படி. நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்துவிட்டு ஆயிரம் ரூபாய் பெருமை அடித்துக்கொள்வார். அதையும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும், ரூம் நன்றாக இருக்குமே.

அன்று சாயங்காலம் நாலரைக்கு அந்தப் பெருமையெல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்தது. கடையில் ஒரு வாத்தியார் மூக்கின் மேல் சோதனைச் சட்டத்தை மாட்டிக்கொண்டு, எதிரே சுவரில் இருந்த எழுத்துகளை மேலிருந்து கீழாக இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தார். ரேட்டு மாமா அவரைப் பார்க்கவே இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். அவருடைய ஒரே தங்கச்சிக்கு இடுப்பு மூட்டு மாற்றும் ஆபரேஷன். மூன்று மாதம் காத்திருந்து தேதி கிடைத்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் நான்கே நாள்தான் வைத்துக்கொள்வார்கள். பிறகு பதினைந்து நாள் தினமும் வந்து பயிற்சி செய்ய வேண்டும், ஒரு படிகூட ஏறக்கூடாது. அவள் வீடோ நாலு மணி நேரத் தூரம். "பக்கத்துல தரைத்தளத்துல தங்க இடம் பார்த்துட்டு, ஒரு வாரத்துல அட்ரஸ் குடுங்க. இல்லைன்னா தேதியை அடுத்தவங்களுக்குக் குடுத்துடுவேன், நீங்க மறுபடி மூணு மாசம் நிக்கணும்" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். நாளைக் காலையோடு அந்தக் கெடு முடிகிறது. ஏற்கெனவே அவள் சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் நடக்கிறாள். இன்னும் மூன்று மாதம் என்றால் அதுவும் இராது.

ஆஸ்பத்திரிக்கு எதிரே சின்னதாக ஒரே ஒரு ஓட்டல். லிஃப்ட் கிடையாது. தரைத்தளத்தில் இரண்டே அறை. மற்ற ஓட்டல்கள் எல்லாம் நிரம்பி வழிந்தன, அல்லது பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருந்தன.

போன வாரம் பார்த்தபோது இரண்டு அறையும் காலி, ஆயிரத்து நானூறு. இன்னும் இறங்கும் என்று இவர் ஒரு நாள் சும்மா இருந்தார். மறுநாள் இரண்டாயிரத்து நூறு. பதறிப்போய் நெட்டில் ஒன்றைப் பிடித்தார். அன்று மதியமே இன்னொன்றையும் எவனோ பிடித்துவிட்டான்.

அந்த எவனோதான் ஒரு வாரமாக மாமாவின் தூக்கத்தைக் கெடுத்தவன். சும்மா பிடித்துவைத்துக்கொண்டு இருந்தாலாவது பரவாயில்லை. தினமும் சாயங்காலம் ஐந்து நிமிஷம் அறையை ரத்து செய்வான், ரேட்டைப் பார்ப்பான், மறுபடி பிடிப்பான். "விவரமான ஆளு. நம்மளை மாதிரியே பண்றான், படுபாவி" என்று மனைவியிடம் பல்லைக் கடித்தார்.

மாமாவின் முறை எளிமையானது. இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையை முதலில் பிடித்துப் போட வேண்டும். கடைசி நாள், ஐந்து மணிக்கு இலவச ரத்துக்கான கெடு முடியும் என்றால், நாலு நாற்பதுக்கு அதை விட வேண்டும். அறை குறையக் குறைய ரேட்டு ஏறும்; நாம் பிடித்து வைத்திருக்கிற அறையே நம் ரேட்டை ஏற்றிவிடும். விட்டால் இறங்கும். இறங்கிய கையோடு பிடித்துவிட வேண்டும். இந்த வித்தையை அவரும் அவர் தம்பியும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். தம்பி அதற்கு மேல் ஒரு படி போவான். மறுபடி பிடித்ததை ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது இன்னொரு தடவை விடுவான், கடைசி இறக்கத்துக்காக. அண்ணனுக்கு அந்தத் துணிச்சல் வந்ததே இல்லை. தம்பி ஒரு முறைகூட அதைத் தவறவிட்டதில்லை.

தம்பியோடு பேச்சு நின்று ஆறு வருஷம் ஆகிறது. குடும்பத்தோடு போன ஒரு பயணத்தில் தம்பி பிடித்த ஓட்டலில் மூட்டைப்பூச்சி. மாமனார் முதுகெல்லாம் தடித்துவிட்டது. இவர் மாமனார் வீட்டார் அத்தனை பேர் எதிரிலும், "உன் புத்திக்கு ஏத்த ரூமைத்தானே நீ பிடிப்ப" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டார். தம்பி பெட்டியை எடுத்துக்கொண்டு போனவன்தான்.

"சார், கடைசி வரியும் தெரியுது. கழட்டலாமா?" என்றார் வாத்தியார்.

"ரெண்டு நிமிஷம் சார். கண்ணுக்குப் பழகட்டும்."

பழகுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. மாமாவின் மனைவி கல்லாப்பெட்டிக்குப் பின்னாலிருந்து தலையில் அடித்துக்கொண்டாள். "ரூம் கையில இருக்குங்க. பேசாம அப்படியே இருக்கட்டுமே. உங்க தங்கச்சி நடக்கணும், அதானே முக்கியம்?"

"பதினஞ்சு நாளுக்குக் கணக்குப் போட்டுப் பாரு. அவ மருந்துச் செலவுக்கு ஆகும்."

அதுவும் உண்மைதான். ஆனால் அது மட்டும் உண்மை இல்லை. அந்த எவனோவிடம் தோற்கக்கூடாது என்பதும் உள்ளே உட்கார்ந்திருந்தது.

அந்தக் கடைசி நாள் இன்றுதான். நாலு முப்பத்தெட்டு. எவனோ தன் அறையை விட்டான். திரையில் 'தரைத்தளம்: ஒரு அறை காலி' என்று வந்தது. இப்போது தானும் விட்டால் இரண்டும் காலி, ரேட்டு பழைய ஆயிரத்து நானூறுக்கு வந்தே தீரும். அது மாறுவதற்கு மூன்று, நான்கு நிமிஷம் பிடிக்கும். அவர் ரத்து செய்தார்.

'இரண்டு அறை காலி.' ரேட்டு இன்னும் இரண்டாயிரத்து நூறு. பொறுமை, பொறுமை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நாலு நாற்பத்தொன்று. இரண்டாயிரத்து நூறு. நாலு நாற்பத்திரண்டு. 'ஒரு அறை காலி.' அவர் பாய்ந்து அழுத்துவதற்குள் அதுவும் போனது. 'தரைத்தளத்தில் அறைகள் இல்லை.'

திரையை ஒரு தடவை புதுப்பித்துப் பார்த்தார், இன்னொரு தடவை பார்த்தார். பிறகு ஓட்டலுக்குப் போன் போட்டார்.

வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு அலுப்பான குரல். "ஒரு ரூமை இங்க கவுன்ட்டர்லயே ஒருத்தர் எடுத்துட்டார் சார். கம்பெனி ஆளு. அவருக்குக் கீழ் ரூம் ரெண்டுமே வேணுமாம். இன்னொன்னு காலியானா சொல்லுன்னு எனக்கு எதிர்லயே உக்காந்திருக்கார்."

"அந்த இன்னொன்னு?"

"அது நெட்ல போயிடுச்சு. உங்களை மாதிரியே ஒருத்தர் சார், வாரம் பூரா பிடிக்கிறார், விடுறார், பிடிக்கிறார். போன்லயும் உயிரை வாங்குறார். அவர் தங்கச்சிக்கு இடுப்பு ஆபரேஷனாம். கட்டடத்துல லிஃப்ட் ஏன் வைக்கலைன்னு எனக்கு அரைமணி நேரம் கிளாஸ் எடுத்தார். அவரே லிஃப்ட் மெக்கானிக்காம்."

மாமா போனை வைத்தார்.

அவருடைய தம்பிதான் லிஃப்ட் மெக்கானிக். தங்கச்சி சொன்னது நினைவுக்கு வந்தது: "ரூம் விஷயம் நீயே பார்த்துக்கோண்ணா." இவர்தான் அன்று, "அவன்கிட்ட ஒண்ணும் சொல்லாதே" என்றார். அவனும் அவளிடம் அதையேதான் சொல்லியிருப்பான். பாவம், அவள் இரண்டு பேருக்கும் சரி சரி என்று தலையாட்டியிருக்கிறாள். ஒரு வாரமாக அவர் பல்லைக் கடித்தது தன் கூடப்பிறந்தவனைப் பார்த்துத்தான்.

அறை தம்பியிடம் இருக்கிறதே என்று ஒரு விநாடி மூச்சு வந்தது. உடனே நின்றும் போனது. மணி நாலு நாற்பத்தேழு. தம்பி இத்தோடு நிற்க மாட்டான். நாலு ஐம்பத்தைந்துக்கு இன்னொரு தடவை விடுவான். கவுன்ட்டரில் ஒருவன் அதற்காகவே உட்கார்ந்திருக்கிறான். கண் மூடித் திறப்பதற்குள் எடுத்துவிடுவான்.

தம்பி நம்பரைப் போனிலிருந்து எப்போதோ அழித்துவிட்டார். விரலுக்கு மறக்கவில்லை. மணி அடித்தது, அடித்தது, அந்தப் பக்கம் துண்டித்தார்கள். மறுபடி போட்டார். முதல் மணியிலேயே துண்டித்தான். மூன்றாவது முறை மணியே போகவில்லை.

"பேரைப் பார்த்துட்டுக் கட் பண்றான்" என்றார். குரல் உடைந்துவிட்டது. "அவன் ரூமை விட்டுடுவான். அவ நடக்க மாட்டா. எல்லாம் என் வாயால வந்தது."

வாத்தியார் சட்டத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எழுந்து போவதா உட்காருவதா என்று தெரியாமல் நின்றார்.

மனைவி தன் போனை எடுத்தாள். ஒரு கணம் தயங்கினாள். பிறகு 'தையல்கடை' என்றிருந்த நம்பரைத் தொட்டு, ஸ்பீக்கரில் போட்டு அவரிடம் நீட்டினாள்.

"தையல்கடைக்கு எதுக்கு இப்ப?"

"பேசுங்க. உங்க தம்பி பொண்டாட்டிதான். ஆறு வருஷமா பேசிக்கிட்டுத்தான் இருக்கோம். நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டா நாங்களும் போடணுமா?"

அந்தப் பக்கம் உடனே எடுத்தாள். "சொல்லுங்கக்கா."

"நான்தாம்மா."

"மாமா? அக்காவுக்கு என்ன?"

"அவளுக்கு ஒண்ணும் இல்லை. அவன் எங்க? கம்ப்யூட்டர் முன்னாடியா? காதுல வை. அவன் வேண்டாம்னாலும் வை. சீக்கிரம்."

செருப்புச் சத்தம், கதவு திறக்கிற சத்தம், "யாரு" என்று ஒரு குரல். ஆறு வருஷத்தில் அந்தக் குரல் கொஞ்சம் தடித்திருந்தது. மணி நாலு ஐம்பத்திரண்டு.

"ரூமை விடாதடா."

மாமா நிறுத்தவில்லை.

"ஆஸ்பத்திரி எதிர் ஓட்டல். தரைத்தளம். அம்பத்தஞ்சுக்கு விடப்போற, எனக்குத் தெரியும். விடாத."

"நீ சொன்னா நான் கேக்கணுமா?" குரல் நடுங்கியது, கோபத்தில்தான். "என் புத்திக்கு ஏத்த ரூமை நான் பிடிக்கிறேன். எனக்கு எப்ப விடணும், எப்ப பிடிக்கணும்னு தெரியும்."

"தெரியும்டா. என்னைவிட உனக்குத்தான் நல்லாத் தெரியும். ஆனா அங்க கவுன்ட்டர்ல ஒருத்தன் அதுக்காகவே உக்காந்திருக்கான். நீ விட்ட அடுத்த நிமிஷம் எடுத்துடுவான்."

"சும்மா சொல்ற. உனக்கு எப்படித் தெரியும்?"

மாமா இத்தனை வருஷம் கட்டிக் காத்த பெயர். தோற்றதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், சொல்ல வேண்டியது இவனிடம்.

"ஏன்னா என் கையில இருந்த ரூமைத்தான் அவன் எடுத்தான். இன்னொண்ணை ஒரு வாரமா பிடிச்சு வெச்சிருந்தது நான்தான். ஆயிரத்து நானூறுக்கு ஆசைப்பட்டு விட்டேன். போயிடுச்சு. என்கிட்ட ஒண்ணும் இல்லைடா. இப்ப அவளுக்கு உன் ரூம் மட்டும்தான்."

சுவர்க் கடிகாரத்தில் நாலு ஐம்பத்துநாலு.

"நீதானா அது?" என்றான் தம்பி கடைசியில். "ஒரு வாரமா அந்த ஆளைத் திட்டாத வார்த்தை இல்லை."

"நானும்தான்."

"ரெண்டு பேரும் சேர்ந்து நம்ம ரேட்டை நாமளே ஏத்தியிருக்கோம்."

"ஆமா. விடமாட்டியே?"

"மௌஸ்ல இருந்து கையை எடுத்துட்டேன்."

யாரும் போனை வைக்கவில்லை. ஐந்து மணி வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். அடுப்பில் வைத்த பாலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி மாமா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முள் பன்னிரண்டைத் தாண்டியதும் தம்பி, "முடிஞ்சுது. இனிமே ரத்து பண்ணினாக் காசு திரும்பாது" என்றான். இரண்டாயிரத்து நூறு. அந்த வாரத்தின் உச்ச ரேட்டு. மாமா வாழ்க்கையில் இப்படி ஒரு ரேட்டைக் கேட்டு நிம்மதிப்பட்டதில்லை. கண் கலங்கியதை மறைக்கவும் இல்லை.

"அன்னைக்கு நான் பேசினது தப்புடா. அத்தனை பேர் எதிர்ல. மூட்டைப்பூச்சிக்கு நீ என்ன பண்ணுவ?"

"அது உன் மாமனார் பெட்டியில இருந்து வந்த பூச்சின்னு இன்னைக்கும் சொல்வேன்" என்றான் தம்பி. மூக்கை உறிஞ்சினான். கல்லாவில் இருந்த மனைவி அதைக் கேட்டுவிட்டு முறைத்தாள்.

"சரி, அவகூட யாரு இருக்கப் போறது? அவ பொண்ணு மட்டும் தனியா என்ன பண்ணுவா? நான் லீவு சொல்லிட்டேன்" என்றான் தம்பி.

"நான் கடையைச் சாத்திட்டு வரேன்."

கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "மாடியில காலியா இருக்கு, அண்ணா. உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, ரெண்டாப் பார்க்கட்டுமா?"

அண்ணா என்ற சொல் காதில் விழுந்து உள்ளே போய்ச் சேர மாமாவுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ரெண்டு எதுக்கு? ஒரே ரூமாப் போடு. இப்பவே எடுத்துடு."

"எவ்வளவுன்னு கேக்கலியே?"

"சொல்லாதடா" என்றார் ரேட்டு மாமா. "சொன்னா மனசு மாறிடுவேன்."