ஆதிப்புள்ளியைத் தொடாத கோடு

ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, பேருந்து திரும்பிப் போகும் கடைசி ஊரில் இருக்கிறது அந்த நடுநிலைப் பள்ளி. ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர் மதுவந்தி. தஞ்சாவூரிலிருந்து நாள்தோறும் வந்து போகிறவர். விகிதத்தை வரைபடத்தாளில் புள்ளிகளாக்கிக் காட்டும் பாடம் நடந்த வாரத்தில், வீட்டில் புழங்கும் ஒரு விகிதத்தை அளந்து வந்து வரையுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார். இட்லிக்கு ஊறப்போடும் அரிசியும் உளுந்தும் வந்தன. கொத்தனார் வீட்டிலிருந்து சிமெண்டும் மணலும் வந்தன. ஆரோக்கியத்தின் மகள் ஜாய்ஸ், தன் அப்பா ஊரார் வயல்களுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை வரைந்து வந்தாள்.

கிடை அச்சில் தண்ணீர், லிட்டர் கணக்கில். செங்குத்து அச்சில் மருந்து, பாட்டில் மூடிக் கணக்கில். ஐந்துக்கு இரண்டு, பத்துக்கு மூன்று, பதினைந்துக்கு நான்கு. மூன்று புள்ளிகளையும் அளவுகோல் வைத்து இணைத்திருந்தாள். கோடு நேராகத்தான் இருந்தது. ஆனால் ஆதிப்புள்ளிக்கு அது இறங்கி வரவில்லை. செங்குத்து அச்சில் ஒன்று என்ற இடத்தில் முட்டி நின்றது.

விகிதத்தின் கோடு பூச்சியத்திலிருந்துதான் புறப்பட வேண்டும் என்று முந்தைய நாள்தான் மதுவந்தி சொல்லிக்கொடுத்திருந்தார். தாளைத் தூக்கி வகுப்புக்கே காட்டினார்.

“தண்ணியே இல்லாத இடத்துல ஒரு மூடி மருந்து நிக்குது பாருங்க. என்ன ஜாய்ஸ், உங்கப்பா அப்படியே குடிக்கப் போறாரா?”

வகுப்பு சிரித்தது. ஜாய்ஸ் சிரிக்கவில்லை. அப்பா அப்படித்தான் ஊற்றுகிறார், நான் பக்கத்தில் நின்று எண்ணினேன் என்றாள்.

களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று சொல்லித் தொடங்குவது அந்தப் பக்கத்து வழக்கம். அடுத்தது இரண்டு. ஆரோக்கியம் மருந்தையும் லாபம் சொல்லியே தொடங்கினார். ஆனால் அந்த மூடியைக் கணக்கில் சேர்க்காமல், அடுத்ததைத்தான் ஒன்று என்று எண்ணினார். வயல்காரருக்குக் குறை வைக்கக் கூடாது என்று பழகிய கை அது. அந்தக் கையின் பிழையைப் பதினொரு வயதுப் பெண் பிள்ளை கண்ணால் கண்டு, எண்ணி, தாளில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள்.

மதுவந்தி அதைச் சிவப்பு மையால் அடித்தார். பாட்டிலில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். ஐந்து லிட்டருக்கு ஒரு மூடி என்றாள் ஜாய்ஸ். அப்படியானால் அதையே போடு என்றார். புதுத் தாளில் கோடு ஆதிப்புள்ளியைத் தொட்டது. பத்துக்குப் பத்து கிடைத்தது. பழைய தாள் குப்பைக் கூடைக்குப் போனது.

தாளைத் திருத்துவதற்கு ஒரு பேனா போதும். அந்தத் தாளுக்குப் பின்னால் ஒரு மனிதனின் கை இருக்கிறது என்று காண்பதற்குத்தான் பள்ளிக்கூடம் வேண்டும். அன்று அங்கே பேனா இருந்தது, பள்ளிக்கூடம் இல்லை.

அதிலிருந்து எட்டாம் நாள் பிற்பகல், காற்றே இல்லை. சம்பாப் பயிரில் இலைச்சுருட்டுப் புழு விழுந்திருந்தது. ஆரோக்கியத்தைக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் சிறு வயல்காரர்கள். ஒவ்வொருவருக்கும் ஐந்து லிட்டர் கரைசலே போதும். ஒவ்வொரு முறையும் லாபம், ஒன்று. கையுறை கிடையாது, கையாலேயே கலக்கினார். முகத்தில் ஒரு துண்டு மட்டும். ஆறாவது வயலின் வரப்பில் வாந்தியெடுத்து விழுந்தார். மறுநாள் காலை, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது.

பூச்சிமருந்து நஞ்சு என்று எழுதியிருந்த சீட்டோடு உடல் வீட்டுக்கு வந்தது. நஞ்சு எந்த வழியாக உள்ளே போனது என்று சீட்டில் இல்லை. அதை ஊரே நிரப்பிக்கொண்டது. குடித்துவிட்டார் என்றார்கள். வகுப்பில் டீச்சர் சொன்ன கேலியைப் பிள்ளைகள் வீட்டில் சொல்ல, அது சாட்சியமாகிவிட்டது. ஆண்கள் பந்தலுக்குள் வராமல் எதிரே டீக்கடை ஓரமாக நின்றார்கள். தற்கொலைச் சாவுக்குத் தோள் கொடுக்க அவர்களுக்கு மனமில்லை.

மதுவந்தி வந்தபோது ஆரோக்கியத்தின் மனைவி ரொசாரி அழுது முடித்திருந்தாள்.

“டீச்சர், இவரு குடிச்சிருவாருன்னு நீங்க அன்னைக்கே சொன்னீங்களாமே. என்ன தெரிஞ்சு சொன்னீங்க?”

விளையாட்டாகச் சொன்னேன் என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறியிருக்கலாம். மதுவந்தி அப்படிச் செய்யவில்லை. ஜாய்ஸ் வரைந்ததையும், தான் அடித்ததையும் சொன்னார். இருபது லிட்டர் கலந்தால் அந்த ஒரு மூடி கால் பங்குதான் கூடுதல், ஐந்து லிட்டர் கலந்தால் அதுவே இரட்டிப்பு, சிறு வயல்களில்தான் அவர் இரட்டை விஷத்தைக் கையால் கலக்கி மூச்சில் வாங்கினார் என்று சொன்னார். அவர் குடிக்கவில்லை என்றார்.

ரொசாரி எதிரே டீக்கடைப் பக்கம் கை காட்டினாள்.

“எங்கிட்ட சொல்லி என்னங்க ஆவப்போவுது? எழுதுங்க. தேதி போட்டு எழுதுங்க. அந்தா நிக்கிறாங்களே, அவங்க காதுல விழுற மாதிரி படிங்க.”

மதுவந்தி எழுதினார். வரைபடத்தைப் பார்த்த தேதியையும், பார்த்துவிட்டுத் தாளை மட்டும் திருத்திய தன் குற்றத்தையும் விடாமல் எழுதினார். தெருவில் நின்று வாசித்தார். குரல் இருமுறை உடைந்தது. உடைந்த இடத்திலிருந்தே மறுபடி தொடங்கினார். டீக்கடை ஓரம் அசைந்தது. முதலில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பந்தலுக்குள் வந்தார். பிறகு நால்வர். பிறகு எல்லாரும். பெட்டியைத் தூக்கத் தோள்கள் போட்டியிட்டன.

ஜாய்ஸ் அந்தக் கடிதத்தை வாங்கி, விரலை வரிக்கு வரி நகர்த்திப் படித்தாள். தேதியில் விரல் நின்றது. உதடு அசைய எண்ணினாள்.

“எட்டு நாள் இருந்துச்சா டீச்சர்?”

“இருந்துச்சும்மா” என்றார் மதுவந்தி.