நனைந்து நின்றவன்

ஆடிப் பொங்கலுக்கு முந்தின நாள் மத்தியானம். கோயில் நிர்வாகி முருகானந்தம் வெற்றிலைத் தட்டோடு வந்து அர்த்தனாரியின் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். வெளியே மழை கொட்டித் தீர்த்தது.

"நாளைக்கு முதல் மரியாதை உங்க ஊட்டுக்குத்தானுங்க. பரிவட்டத்துக்குப் புதுத்துணி எடுத்தாச்சு" என்றார். பேச்சு முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. "தம்பி யுவராஜ் நாளைக்காச்சும் வருவாப்லீங்களா?"

"திருப்பூர் கம்பெனில லீவு கெடைக்கோணுமே" என்றார் அர்த்தனாரி. நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்தே பழகிய முதுகு அவருக்கு. சொல்லும்போதும் அது வளையவில்லை.

போன ஐப்பசியில் சோளக்காட்டுச் சந்தையில் வாழைத்தார் இறக்கிவிட்டுத் திரும்பிய யுவராஜ், வெள்ளம் வந்த ஓடையில் இறங்கியதைப் பார்த்தவர்கள் உண்டு. கரையேறியதைப் பார்த்தவர் யாருமில்லை. மறுநாள் பாறையிடுக்கில் ஒற்றைச் செருப்பு கிடைத்தது. "இது எந்தம்பி செருப்பில்ல" என்று அர்த்தனாரி ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். அதற்கு மேல் அவர் முகத்துக்கு நேரே பேச ஊரில் ஆளில்லை.

மறுத்ததற்குக் காரணம் இருந்தது. தண்ணீரில் போனவனின் உடல் கிடைக்காவிட்டால், வீட்டுக்கு மூத்தவன் உலர்ந்த வேட்டியைக் கையில் ஏந்திப் பெயர் சொல்லி அவனை வீட்டுக்குக் கூப்பிட வேண்டும் என்பது அந்த ஊர் முறை. கூப்பிட்ட வீட்டுக்கு மூன்று வருசம் கோயில் மரியாதை கிடையாது. பாட்டன் காலம் தொட்டு வேறு தலையில் ஏறாத பரிவட்டம் அது. அர்த்தனாரி கூப்பிடவில்லை. யுவராஜின் மனைவி அம்சவேணி கழுத்தில் தாலியோடு, திருப்பூரிலிருந்து வராத போனுக்குக் காத்திருப்பவளாக நடமாடினாள்.

ஆனால் அன்றிலிருந்து, மழை பெய்த ஒவ்வொரு நாளும் நிலைப்படிக்கு வெளியே தண்ணீர் தேங்கி நின்றது. ஓடு ஒழுகுகிறது என்று சொல்லி ஓடுகளை மாற்றினார். மாற்றிய பிறகும் தேங்கியது. பிறர் கண்ணில் படுமுன் தானே துணி போட்டுத் துடைத்தார். அந்தத் தண்ணீரில் ஓடை மணல் இருந்தது.

குடையைப் படக்கென்று மடக்கிக்கொண்டு ஜாஸ்மின் உள்ளே வந்தாள். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர், ராசிபுரத்துப் பெண். பக்கத்து அறைக்குக் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"ஐயா, பலாமரத்தடியில ஒருத்தர் நிக்கறாருங்க. ட்ரவுண்ட் ரேட் மாதிரி!"

"என்ன மாதிரிங்க டீச்சர்?" என்றார் முருகானந்தம்.

"இங்கிலீஷ்ல அப்படித்தானுங்க சொல்லுவாங்க. தலையிலருந்து கால் வரைக்கும் ஒழுக ஒழுக நனைஞ்சு வந்தா, தண்ணில மூழ்கிச் செத்துப்போன எலியாட்டம் இருக்கறாங்கன்னு."

"அட, மழையில நனைஞ்சவனையே சாகடிச்சுப்போட்டாங்களே!" முருகானந்தம் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பும் பாதியில் நின்றது.

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் ஓய்ந்தது.

"போட் ஹவுஸ் பாக்க வந்த டூரிஸ்டா இருக்கும்" என்றார் அர்த்தனாரி.

"இல்லீங்கய்யா. உங்க முகச்சாடை அப்படியே இருக்குது. உங்க சொந்தம்னு நெனச்சு உள்ள வாங்கன்னு கூப்பிட்டேன். வரமாட்டீங்கறாரு. அண்ணன் கூப்பிட்டாத்தான் வருவாராமா." ஜாஸ்மின் குடையைச் சுவரில் சாய்த்தாள். "பாவமுங்க, கால்ல ஒத்தச் செருப்புத்தான் இருந்துச்சு."

முருகானந்தம் தரையைப் பார்த்தார். அந்தச் செருப்பைப் பாறையிடுக்கிலிருந்து எடுத்து வந்தவரே அவர்தான்.

அர்த்தனாரி எழுந்து வாசலுக்குப் போனார். பலாமரத்தடியில் யாருமில்லை. ஆனால் சுற்றிலும் மழை நேராக விழ, மரத்தின் கீழே ஓரிடத்தில் மட்டும் ஆள் உயரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. தோளிலிருந்து வடிவதுபோல, விரல்நுனியிலிருந்து வடிவதுபோல.

பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அவர் எதிரே நின்று பேசியறியாத அம்சவேணி, மடிப்புக் கலையாத வேட்டியை இரண்டு கைகளாலும் நீட்டினாள்.

"பெரிய மாமா, இன்னும் எத்தனை மழைக்கு அவர வெளிய நிறுத்தி வெப்பீங்க?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. தட்டிலிருந்த வெற்றிலையைப் பார்த்தார். அப்பா தலையில் பரிவட்டம் கட்டும்போது கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது ஞாபகம் வந்தது. அப்பாவின் தோளில் அன்று உட்கார்ந்திருந்தவன் யுவராஜ்.

"முருகானந்தம்."

"சொல்லுங்க."

"பரிவட்டத்த வேற ஊட்டுக்குக் கட்டுங்க. எங்க ஊட்டுல எழவு."

அம்சவேணி வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள். ஜாஸ்மினுக்கு ஏதோ புரிந்து, கை தானாகக் கழுத்துச் சிலுவையைத் தொட்டது. முருகானந்தம் தட்டை எடுக்காமலே எழுந்து நின்றார்.

அர்த்தனாரி வேட்டியை வாங்கி நிலைப்படியில் நின்றார். கோயில் முன்னால் நிற்கும் அதே நிமிர்வு. குரல்தான் பழைய குரலாக இல்லை.

"யுவராஜூ... அண்ணன் கூப்பிடறேன். நனைஞ்சது போதும் சாமி. ஊட்டுக்கு வா."

மரத்தடியில் சொட்டுவது நின்றது.

மழை வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. அவர் மேல் ஒரு துளி படவில்லை. ஆனால் கையிலிருந்த வேட்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது. பிறகு அதன் ஓரத்திலிருந்து ஓடை மணலோடு தண்ணீர் இறங்கி, நிலைப்படிக்கு உள்ளே சொட்டத் தொடங்கியது. இந்த முறை அவர் அதைத் துடைக்கவில்லை.