கைராசி

“என் பேர எடுத்துடுங்க சார்.”

என் கைடு இராஜாங்கம் சார் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. ஆய்வுக் கட்டுரையில் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கெஞ்சலாம், முதலில் போடச் சொல்லிச் சண்டை பிடிக்கலாம், எடுக்கச் சொல்லி மட்டும் ஒருநாளும் கேட்டுவிடாதே என்று சீனியர் ஆன்டோ சொல்லி வைத்திருந்தார். “எடுங்கன்னா என்ன அர்த்தம் செம்மொழி? கட்டுரை பொய்னு சொல்ற. அப்புறம் உனக்கு டாக்டர் பட்டமும் வராது, ஒரு மண்ணும் வராது.” அதே ஆன்டோ இப்போது பிரின்டர் பக்கத்தில் நின்றுகொண்டு, காலியான தாள் தட்டை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏசி அறைக்குள் அடைபட்ட எச்சில் வாசனை. சார் எங்கள் லேபின் தொட்டியில்தான் துப்புவார். குழாய்களையும் பாட்டில்களையும் கழுவுகிற தொட்டி. அதன் விளிம்பு எப்போதும் சிவப்பு. சேர்ந்த புதிதில், பார்க்கச் சகிக்காமல் ஒருநாள் நானே தேய்த்துவிட்டேன். மறுநாளிலிருந்து அது என் வேலையாகிவிட்டது. யாரும் சொல்லவில்லை. வேறு யாரும் தேய்க்கவில்லை, அவ்வளவுதான்.

நான்கு வருடமாக நான் செய்துகொண்டிருப்பது மனித மூளையில் உள்ள ஒரு புரதம். அதை மனிதரிடமிருந்து எடுப்பதில்லை. அதன் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் புகுத்தி, வளர்த்து, உடைத்து, அந்த நாறுகிற கூழிலிருந்து வடித்தெடுக்க வேண்டும். நரம்பின் நுனியில் ரசாயனம் அடைத்த குட்டிப் பைகள் காத்திருக்கின்றன. கால்சியம் வந்ததும் இந்தப் புரதம் அதை உணர்ந்து, பையைச் சவ்வோடு சேர்த்து ஒட்ட வைக்கிறது. பை திறந்து கொட்டுகிறது, அடுத்த நரம்புக்குச் சேதி போகிறது. ஒரு முகமோ ஒரு வசவோ மனதில் தங்க வேண்டுமென்றால் இது நடந்தாக வேண்டும். நீடாமங்கலம் பக்கம் குத்தகைக்கு நிலம் பார்க்கும் என் அப்பாவிடம், “மதகு மாதிரிப்பா, தண்ணி வந்தாத் தொறக்கும்” என்று சொன்னேன். “இதுக்கா நாலு வருசம்?” என்றார்.

எங்கள் கட்டுரை சொல்வது, கால்சியம் இல்லாமலே அது ஒட்டுகிறது என்பது. தண்ணீர் வராமலே மதகு திறந்தது என்று எழுதியிருக்கிறோம். உலகத்தில் யாரும் கண்டதில்லையாம்.

லேபில் ஒரு வழக்கம். எந்தப் புதுச் சோதனைக்கும் முதல் கரைசலைச் சார்தான் தொடங்கி வைக்க வேண்டும். அவருக்குக் கைராசி. மதியச் சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டே வருவார். பாட்டிலைத் திறந்து நீட்டுவோம். கரண்டி பக்கத்திலேயே இருக்கும், ஆனாலும் விரலால் ஒரு சிட்டிகை உப்பை அள்ளி, விபூதி கொடுப்பதுபோல உள்ளே போடுவார். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்ளும் லேப் தோழி சான்ட்ராகூட அப்போது கண்ணை மூடிக்கொள்வாள். சற்றுமுன் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிய விரல் அது. சுண்ணாம்பு என்றால் கால்சியம். தவறி வருகிற கால்சியத்தைப் பிடித்துவைக்கக் கரைசலில் ஒரு மருந்து உண்டுதான். நக இடுக்குச் சுண்ணாம்புக்கு முன் அது எம்மாத்திரம்.

சார் ஊரில் இல்லாத வாரம் நானே கரைசல் போட்டேன். புரதம் ஒட்டவில்லை. கால்சியம் விட்டேன், ஒட்டியது. அவர் கை பட்ட பாட்டிலை எடுத்து அளந்தேன். கால்சியம் இருந்தது. மறுபடியும் அளந்தேன். உலகத்தில் யாரும் காணாததாக நாங்கள் கண்டது ஒரு மனிதர் விரலைக் கழுவாததை.

“ஏன் எடுக்கணும்?” சார் இப்போதுதான் வாயைத் திறந்தார்.

“நான் போட்ட கரைசல்ல ஒட்டல சார்.”

“நீ போட்டா ஒட்டாதும்மா.” சுண்ணாம்பு டப்பியைத் திறந்து விரலில் எடுத்தார். “சில கை அப்படி. பரம்பரையா நாத்துப் புடிச்ச கை. சேத்துல ராசியா இருக்கும். இங்க வராது. அதக் குத்தமா சொல்லல.”

“சார் தமாசுக்குச் சொல்றாரு” என்றார் ஆன்டோ.

“அப்ப சிரிக்கவாண்ணே?”

ஆன்டோ தாள் தட்டுக்குத் திரும்பிவிட்டார்.

“பாட்டில்ல சுண்ணாம்பு இருக்கு சார். இந்தா, உங்க விரல்ல இருக்கே, அதுதான்.”

சார் தன் விரலைப் பார்த்தார். வெற்றிலைக்குக் கொண்டு போகவில்லை. நாக்கை நீட்டி, விரலை அதில் ஒரு இழுப்பு இழுத்தார். கருஞ்சிவப்பு நாக்கில் வெள்ளைக் கோடு. வாய் மூடியது.

“இப்ப எங்க இருக்கு?”

அவர் குரல் கனிந்தது. “இது வந்தாத்தான் உன் தீசிஸ். வீட்ல மொத டாக்டர். உங்கப்பா ஃப்ளெக்ஸ் வைக்கப் போறாராமே, ஆன்டோ சொன்னான். வைக்கட்டுமே. அந்த மனுசன் ஆசையில எதுக்கு மண்ணப் போடுற?”

ஃப்ளெக்ஸ் உண்மைதான். தம்பி பரிதி போனிலேயே செய்து வைத்திருந்தான். என் தலைக்கு யாருடைய உடம்பிலிருந்தோ கறுப்பு அங்கி ஒட்டி, ‘முனைவர்’ என்று பெரிதாகப் போட்டு. அப்பா அதைப் பக்கத்து வயல்காரர்களுக்கெல்லாம் காட்டிவிட்டார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்தப் படம் எனக்கு வேண்டும் என்று இருந்தது. சாரின் எச்சிலைக்கூட நான்கு வருடமாகத் தேய்த்திருக்கிறேன், இந்தக் கணத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

“நீங்க எடுக்க வேணாம் சார். காலையில பஸ்ஸுக்கு நிக்கும்போதே ரெண்டு அளவையும் கட்டுரை போயிருக்குற பத்திரிகைக்கு அனுப்பிட்டேன். நீங்களா எடுக்குறீங்களான்னு பாக்கத்தான் வந்தேன்.”

வெற்றிலை அவர் கையில் அப்படியே நின்றது. ஆன்டோ கையிலிருந்த தட்டு தரையில் விழுந்தது.

கதவின் கைப்பிடியில் பழைய சுண்ணாம்புத் தடம், ரேகையோடு காய்ந்திருந்தது. தோளால் தள்ளித் திறந்தேன். சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் அந்தப் பாட்டிலும் இருந்தது. விட்டுவிட்டு வந்தால் மாலைக்குள் தொட்டியில் கொட்டிவிடுவார்கள். ‘சார் கை’ என்று ஆன்டோ எழுதி ஒட்டிய தாள் லேசாகக் கிழிந்திருந்தது. வெயிலில் தூக்கிப் பார்த்தேன். தண்ணீர் மாதிரித்தான் தெரிந்தது. அடியில் மட்டும் மெல்லிய வெள்ளைப் படிவு. பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தேன். நான் வேகமாக நடக்க நடக்க அது கலங்கி, இழை இழையாக மேலே வந்தது.