நூற்றொரு சதவீதம்

புதிய மென்பொருள் வந்த வாரம் ஓடம்போக்கி ஆற்றில் தண்ணீரும் வந்தது. திருவாரூர்க் கிளையின் பாலிசிகளை ஒரே தொகுப்பாகத் தஞ்சாவூருக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பாலிசியிலும் நாமினிகளின் பங்குகளைக் கூட்டினால் நூறு வர வேண்டும். ஒன்றில் பிசகினாலும் மொத்தமும் நிற்கும். கணினிப் பொறுப்பு என்னுடையது. வியாழக்கிழமை மதியம் இரண்டு தவறுகள் மிஞ்சின.

ஒன்று கலந்தருடையது. குவைத்தில் இறந்தவர். அவர் தாய் கமருன்னிஸாவும் மனைவி அனீஸாவும் கூத்தாநல்லூரிலிருந்து வந்து என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். தொகுப்பு போனால்தான் அவர்களுடைய கிளைம் நகரும். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, பிள்ளைகளை இன்னும் சேர்க்கவில்லை என்றாள் அனீஸா.

கலந்தர் பிரித்த பங்குகளைக் கூட்டினால் நூற்றொன்று வருகிறது என்றேன். கிழவியின் முகம் மாறியது.

“எம்மவன் தப்பாப் பிரிச்சுட்டானா தம்பி?”

மார்க்கச் சட்டப்படிதான் பிரித்திருக்கிறேன் என்று அவர் போனில் சொல்லியிருந்தாராம். கிழவிக்கு அதுதான் கவலை.

“என் பங்குல ஒன்னு எடுத்துடுங்க” என்றார் உடனே.

“வேணாம் மாமி. என்னோடதுல எடுக்கட்டும்.”

“உன்னோடதே கொஞ்சூண்டு. எட்டுல ஒன்னு. அதுலயும் கிள்ளணுமா?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, மீதியில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. ஒன்றுகூட முழு எண் இல்லை. பழைய மென்பொருள் பின்னத்தை ஏற்காது. அரையும் அதற்கு மேலும் வந்தால் அடுத்த எண்ணுக்கு ஏற்றிவிடும். மூன்று பங்குகள் அப்படி ஏறியிருந்தன. புதியது புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் ஏற்கும். கலந்தரின் விண்ணப்பத்தில் இருந்தபடியே போட்டேன். நூறு வந்தது.

“தப்பு எங்களோடதுங்கம்மா. அவர் சரியாத்தான் பிரிச்சிருக்கார்.”

கிழவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

தொகுப்பை அனுப்பினேன். மறுபடி நின்றது.

“இன்னும் யாரோடதுங்க சார் நிக்குது?” என்றாள் அனீஸா.

ஆபீஸ் ஆள் ஒருவருடையது என்றேன்.

என்னுடையது. அம்மாவுக்குப் பாதி, செம்மொழிக்குப் பாதி. கல்யாணமான மாதம் எடுத்த பாலிசி. “எனக்குப் பாதிதானா? உங்க அம்மாவுக்கு நான் பங்காளியா?” என்று அன்று செம்மொழி கேட்டாள். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றேன். தை மாதம் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் இறந்ததை அலுவலகத்தில் யாரோ பதிந்திருந்தார்கள். அதனால் கூட்டல் ஐம்பதில் நின்றது. தினமும் பார்ப்பேன். தொட மாட்டேன்.

அனீஸா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கடைசி பஸ் பற்றி மாமியாரிடம் ஏதோ சொன்னாள்.

என் பாலிசியைத் திறந்தேன். செம்மொழியின் பெயருக்கு நேரே நூறு என்று அடித்தேன். ஏற்கவில்லை. இன்னொரு தடவை அடித்தேன். அதற்கும் சிவப்பு எழுத்துதான் வந்தது. பிறகு அவள் பெயரை நீக்கிவிட்டு அம்மாவுக்கு நூறு போட்டேன். ஏற்றுக்கொண்டது.

தொகுப்பு போய்விட்டது. போய்விட்டது என்று அவர்களிடம் சொன்னேன்.

கிழவியைக் கைபிடித்து எழுப்பிய அனீஸா, வாசல்வரை போய்த் திரும்பினாள்.

“அந்த ஆபீஸ் ஆளுக்கும் நன்றி சொல்லிடுங்க சார். எங்களுக்காக அவசரமாச் செஞ்சிருக்கார்.”

சொல்கிறேன் என்றேன்.