காருக்கு விட்ட வீடு

மிராசுதார் ராமச்சந்திரனுக்கு வயல் வேலை, கார் வேலை இரண்டுக்கும் பக்கிரிதான். வலங்கைமான் பக்கத்தில் அந்த ஊர்ச் சேரி முழுக்கச் செங்கொடி பிடித்தபோதும் சங்கத்தில் சேராத ஒரே ஆள் அவன். அதில் அவனுக்குப் பெருமை வேறு.

டெல்லியில் மகன் வீட்டுக்கு ஒரு வருஷம் போகக் கிளம்பிய மிராசுதார் அவனைக் கூப்பிட்டார்.

"ஷெட்டு ஒழுகுது பக்கிரி. உன் வீடுதான் ஈரம் படாத இடம். முன்சுவரை இடிச்சுட்டுக் காரை உள்ள விட்டுடு. வந்ததும் செங்கல்லுல கட்டித் தரேன். அதுவரைக்கும் ரெண்டு பேரும் நம்ம கொல்லைக் கொட்டகையில இருந்துக்குங்க."

பக்கிரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவன் மனைவி காளியம்மாளுக்கு வயிறு எரிந்தது.

"மிராசுதார் நெலமா இருந்தாலும் குடியிருக்கிறவங்களுக்கே மனை சொந்தம்னு கவர்மெண்டு சட்டம் போட்டிருக்கு. வீடு வீடா வந்து எழுதப் போறாங்க. இந்த நேரத்துல சுவரை இடிக்கச் சொல்றாரே, ஒனக்கு ஒண்ணும் தோணலியா?"

"சங்கத்துக்காரன் பேச்சைப் பேசாதடி. நம்மளை நம்பிக் காரையே ஒப்படைக்கிறாரு."

நம்பிக்கையாம்! அப்பன் எழுப்பிய மண்சுவரைத் தன் கையாலேயே இடித்தான் அந்தப் புத்திசாலி. காரை ஓட்டி உள்ளே நிறுத்தினான். நான்கு சக்கரங்களையும் கழற்றிக் கருங்கல் அடுக்கின்மேல் வண்டியை உட்கார வைத்தான். பேட்டரியைக் கழற்றினான். பெட்ரோலையும் ரேடியேட்டர் தண்ணீரையும் வடித்தான். எலி ஏறாமல் சைலன்ஸர் வாயில் துணி அடைத்தான். பளபளக்கும் இடமெல்லாம் கிரீஸ் தடவித் தார்ப்பாய் போர்த்தினான். திருட்டுப் பயம் என்று சக்கரங்களையும் பேட்டரியையும் தம் அறையில் வைத்துப் பூட்டிய மிராசுதார், சாவியோடு ரயில் ஏறினார்.

பன்னிரண்டாம் நாள் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் குஞ்சிதபாதம்.

"இது வீடு இல்லையே, கார் ஷெட்டு" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இல்லீங்கய்யா, நான் பொறந்ததே இங்கதான். முதலாளி ஊருக்குப் போனதால..."

"அப்ப வண்டியை வெளியில எடு, பார்க்கலாம்."

சக்கரங்கள் பூட்டிய அறையில்; சாவி டெல்லியில். கர்ணம் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். இந்த இடம் என் கார் ஷெட்டு, பக்கிரி இருப்பது என் கொல்லைக் கொட்டகையில் என்று மிராசுதார் கிளம்புவதற்கு முன்பே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். இன்ஸ்பெக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். பக்கிரிக்கு மிராசுதார் மீது வந்த ஆத்திரத்தைவிடத் தன் இரண்டு கைகள் மீது வந்த ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் போகிற போக்கில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்.

"சும்மா சொல்லக்கூடாது, எத்தனை வருஷம் கிடந்தாலும் வண்டிக்கு ஒண்ணும் ஆகாது. யாரு செஞ்ச வேலை?"

காளியம்மாள்தான் பதில் சொன்னாள்.

"இதோ நிக்கிறாரே, இவருதாங்க. ரெண்டு நாளு சோறு தண்ணி இல்லாம செஞ்சாரு."