பதினைந்தாம் தேதி வகுப்பு

ஆவணக் காப்பகத்தில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவர் ஒரு தாளை ஒளித்துவைக்க நினைத்தால் எங்கே வைப்பார்? கிழிக்க மாட்டார், வீட்டுக்கும் கொண்டுபோக மாட்டார். வேறு பெட்டியில் போட்டுவிடுவார். நாற்பத்தோரு பெட்டிகளில் இடம் மாறிப்போன ஒரு தாளை எந்தக் கொம்பனாலும் தேடி எடுக்க முடியாது. காப்பகத்தின் பட்டியலாளர் அதைத்தான் செய்திருந்தார். டீச்சரின் வகுப்புக் குறிப்புகளிலிருந்து ஒரே ஒரு தாளை உருவி, முப்பத்திரண்டாம் பெட்டியில், மேடை விளக்குகளின் வரைபடங்களுக்கு நடுவே செருகியிருந்தார்.

டீச்சர் என்றால் ஊரறிந்த டீச்சர். நவீன நடனம் என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில், ஒரு பழைய கிடங்கைப் பிடித்து, பிள்ளைகளை வெறுங்காலோடு தரையில் உருளவிட்டவர். "இதென்ன வலிப்பா, நடனமா?" என்று சிரித்தவர்களே பிறகு டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றார்கள். போன வருடம் இறந்துபோனார். அவருடைய காகிதங்களை மகள் காப்பகத்துக்குக் கொடுக்கிறாள். இன்று நாலு மணிக்குக் கையெழுத்து. அதுவரை எந்தத் தாளையும் குடும்பம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கையெழுத்து விழுந்தபின் ஆண்டவனே வந்தாலும் எடுக்க முடியாது.

டீச்சர் மாணவர்களின் பெயரை எழுதவே மாட்டார். வகுப்பில் அவர்கள் நிற்கும் இடத்தைத்தான் எழுதுவார்: கதவு ஒன்று, தூண் மூன்று. ஒளித்துவைத்த பதினைந்தாம் தேதித் தாளில் இருந்தது இவ்வளவுதான்: 'ஜன்னல் இரண்டுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. காலையிலேயே பார்த்தேன். நிகழ்ச்சிக்கு ஆறு நாள்தான் இருக்கிறது என்று மறுபடியும் குதிக்கச் சொன்னேன். சரியாகத்தான் இறங்கினாள். கால்தான் தாங்கவில்லை.'

ஜன்னல் இரண்டு, பட்டியலாளரின் அக்கா. அந்த நாட்களில் தன் கல்லூரி விட்டதும் அவளை அழைத்துப்போக வந்து, அந்த ஜன்னலுக்கு வெளியேதான் அவர் சைக்கிளோடு நிற்பார்.

இருபத்தாறு வருடமாக அக்கா காலை இழுத்து இழுத்து நடக்கிறாள். ஒழுங்காகக் குதிக்கத் தெரியாமல் நிகழ்ச்சியையே கெடுத்தவள் என்று ஊரெல்லாம் பேச்சு. டீச்சர் மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அக்காவும் அதையே நம்பிவிட்டாள். யார் கேட்டாலும், "நான்தான் தப்பா குதிச்சிட்டேன்" என்று தானே முந்திக்கொண்டு சொல்வாள்.

தாள் மகளின் கண்ணில் பட்டால் சும்மா விடுவாளா? அம்மாவின் பெயரைக் காப்பாற்ற எடுத்துக் கிழித்துப்போடுவாள். கையெழுத்து ஆகட்டும், அடுத்த வாரம் தற்செயலாகக் கிடைத்த மாதிரி எடுத்து, அசைக்க முடியாத ஆதாரமாக அக்கா கையில் நகலைக் கொடுக்கலாம். இதுதான் அவர் கணக்கு. நேர்மையான மனுஷன் திருட்டு வேலையில் இறங்கினால் இப்படித்தான், திட்டமெல்லாம் பிரமாதமாக இருக்கும், தூக்கம் மட்டும் வராது.

மகள் இரண்டரைக்கே வந்துவிட்டாள். விருதுப் பத்திரங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய ஒரு மாதத்து வகுப்புக் குறிப்புக் கட்டைக் கேட்டாள். எதிரே காப்பக இயக்குநர் அம்மா பேனாவும் நன்கொடைப் பத்திரமுமாக உட்கார்ந்திருந்தார். மகள் ஒவ்வொரு தாளாகத் திருப்பத் திருப்ப, பட்டியலாளர் முப்பத்திரண்டாம் பெட்டியின் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்.

"பதினாலு இருக்கு. பதினாறு இருக்கு. பதினஞ்சாம் தேதி எங்க?"

"அன்னிக்கு வகுப்பு இருந்திருக்காது, மேடம்." குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

"எங்கம்மா ஜுரத்துலகூட வகுப்பு எடுத்தவங்க." அவள் முதலிலிருந்து மறுபடியும் திருப்பினாள். மூன்றரை ஆயிற்று. மூன்றே முக்கால் ஆயிற்று. இயக்குநர் கடிகாரத்தையும் பட்டியலாளரையும் மாறி மாறிப் பார்த்தார். பதினெட்டு வருடத்தில் இந்தப் பட்டியலாளரின் கைபட்ட பெட்டியில் ஒரு தாள் குறைந்ததில்லை.

கடைசியில் மகள் கட்டை மூடினாள். "சாகறதுக்கு நாலு நாள் முன்னாடி அம்மா சொன்னாங்க. அந்த மாசம் பதினஞ்சாம் தேதித் தாள்ல ஒரு விஷயம் எழுதியிருக்கேன், அதை ஜன்னல் ரெண்டு கையில குடுத்துடுன்னு. யாரு அதுன்னு கேக்கறதுக்குள்ள நினைவு தப்பிடுச்சு. ஜுரத்துல உளறியிருக்காங்க போல." பேனாவை எடுத்தாள்.

அவள் நடிக்கிறாளோ? தாளை வெளியே வரவழைக்கிற தந்திரமோ? அவருக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால், அக்காவுக்கென்று எழுதிய தாள் அவர் கையாலேயே இந்தக் கட்டடத்துக்குள் பூட்டிக்கிடக்கும், அவளுக்கு வெறும் நகல்தான். பேனா முனை தாளைத் தொட்டது.

"கையெழுத்து போடாதீங்க," என்றார்.

எழுந்துபோய் முப்பத்திரண்டாம் பெட்டியைத் தூக்கிவந்து, தாளை உருவி மேஜையில் வைத்தார். "நான்தான் எடுத்து வெச்சேன். நீங்க கிழிச்சிடுவீங்கன்னு பயந்துட்டேன். ஜன்னல் ரெண்டு எங்க அக்கா."

இயக்குநர் கையை நீட்டினார். பட்டியலாளர் சாவிக்கொத்தை அதில் வைத்தார்.

மகள் தாளை இரண்டு முறை படித்தாள். கண் கலங்கியிருந்தது. "அவங்களுக்குப் போன் போடுங்க. நானே படிச்சுக் காட்டணும்."

பட்டியலாளர் போனை ஒலிபெருக்கியில் வைத்தார். மகள் தன்னை இன்னார் என்று சொல்லிக்கொண்டு, தடுமாறாமல் படித்தாள். படித்து முடித்ததும் அக்காவின் குரல் வந்தது.

"சரியா இறங்கினேன்னு எழுதியிருக்காங்களா?"

"ஆமாங்க."

"அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படிங்க."

படித்தாள். அக்கா அழுதாள். அப்படி வாய்விட்டு அழுது தம்பி கேட்டதே இல்லை. போன வேலை போகட்டும், இது போதும் என்று அவருக்குத் தோன்றியது.

"இத்தனை வருஷம் தெரிஞ்சும் டீச்சர் எங்கிட்ட ஏங்க சொல்லல?"

"தெரியலங்க," என்றாள் மகள்.

"தம்பி அங்க இருக்கானா?"

"இருக்கேன்க்கா."

"இந்தத் தாளை நீ எப்ப பாத்த?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "மூணு வாரம் ஆச்சு."

"மூணு வாரமா எதிர்ல உக்காந்து சாப்பிட்டிருக்க. போன ஞாயித்துக்கிழமைகூட மாமிகிட்ட நான்தான் தப்பா குதிச்சேன்னு சொல்லிட்டிருந்தேன், நீ பக்கத்துல பேப்பர் படிச்சிட்டிருந்த." அக்காவின் குரலில் இப்போது அழுகை இல்லை. "நீயும் சும்மாதானே இருந்த."

அக்கா போனை வைத்துவிட்டாள்.