மூழ்க மறந்த லத்தீபா

1

இந்தக் கதையை நானாக யோசித்து எடுக்கவில்லை, கண்ணுகளா. பெரியபட்டினத்திலிருந்து ராமநாதபுரம் வந்த பேருந்தில், முக்காட்டுக்குள் ஈரத்தலையோடு ஒருத்தி தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள். என்னவென்று கேட்டேன். இறங்கும்வரை சொன்னாள். மீதி என் சரக்கு.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'கடல் அன்று வெள்ளித் தகடுபோல...' (வேண்டாம். அந்த வெயிலில் கடலைப் பார்த்தால் கண் கூசும், அவ்வளவுதான்.)

2

நஸீரா பெண்களுக்காக ஒரு நீச்சல் மன்றம் நடத்துகிறாள். குளமெல்லாம் இல்லை, கடல்தான். தரச்சான்று வாங்கிய மன்றத்துப் பிள்ளைகளை மட்டுமே மாவட்டப் போட்டியில் சேர்ப்பார்களாம். அவள் மகள் ஹுமைராவுக்கு வயது வரம்பில் இதுதான் கடைசி வருடம். சான்றுக்காக ஆய்வாளர் யுவராணி வந்த காலையில் நஸீரா இடியாப்பத்தைத் தட்டிலேயே விட்டுவிட்டு மிதவையை இன்னொரு முறை துடைத்து வைத்தாள்.

(யுவராணியைச் சிடுமூஞ்சியாக எழுதிப் பார்த்தேன். கதைக்கு வசதி. ஆனால் பேருந்துக்காரி, "நல்ல மனுசி, வட்டலாப்பத்த ரெண்டாந்தடவ கேட்டு வாங்குனாக" என்றாள். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அந்த இனிப்பை அப்படிக் கேட்டு வாங்கியவரைக் கொடுமைக்காரியாக்க எனக்குக் கை வரவில்லை.)

3

முதலுதவிப் பெட்டி, மிதவை, கயிறு, எல்லாவற்றுக்கும் தலையசைத்தார் யுவராணி. கடைசியில் மீட்புச் சோதனை. ஒருத்தி மூழ்குவதுபோல நடிக்க வேண்டும். ஒருத்தி மட்டும் மிதவையோடு போய் இழுத்துவர வேண்டும். மற்றவர்கள் கரையில் கயிற்றைப் பிடித்து நிற்க வேண்டும்.

மூழ்குவதற்கு மன்றத்துப் பெண் லத்தீபா போனாள். கையை ஆட்டினாள், கத்தினாள். நஸீரா பாய்ந்தாள். பாதித் தூரத்தில் பார்த்தால், எதிரே லத்தீபா நீந்தி வந்துகொண்டிருக்கிறாள்.

"ஏன்டி வந்த?"

"மூச்சு வாங்க வாறீக லாத்தா. பாக்கப் பாவமா இருந்துச்சு." (லாத்தா என்றால் அக்கா.)

மறுபடி அனுப்பினார்கள். மறுபடியும் வந்தாள். யுவராணி சிரிப்பை அடக்கிக்கொண்டு, கடைசியாக ஒரு வாய்ப்பு தருவதாகவும், இந்த முறை தானே மூழ்கிக் காட்டுவதாகவும் சொன்னார்.

4

இங்கே ஒரு முடிவு எழுதினேன். நஸீரா ஒழுங்காக மீட்கிறாள், சான்று வருகிறது, மறுபடி வட்டலாப்பம். (கொட்டாவி விடாதீர்கள், நானே விட்டுவிட்டேன்.)

நடந்தது வேறு. நடிப்பில் யுவராணி கெட்டிக்காரர். ஒரு மடக்கு உப்புத்தண்ணீரை உள்ளே விட்டு நிஜமாகவே இருமினார். அந்த இருமல் கேட்டதும் கயிறு மணலில் கிடந்தது. கரையில் ஒருத்தியையும் காணோம். கடலில் ஒரு கை உயர்ந்தால் நின்று பார்க்க அந்த ஊரில் யாரும் பழகவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பல்லக்குபோலத் தூக்கிவந்து இறக்கினார்கள். லத்தீபா முதுகைத் தட்டிவிட்டாள்.

"நடிப்புதான்மா."

"இருக்கட்டும் மேடம். இருமி முடிங்க."

5

எல்லோரும் இறங்கினால் எல்லோருமே போய்ச் சேரலாம், விதி அதற்காகத்தான் என்று யுவராணி சொன்னார். அதில் பிழையில்லை, நஸீராவுக்கும் தெரியும். பக்கத்தில் ஹுமைரா சொட்டச் சொட்ட நின்றாள். அவளும்தான் குதித்திருந்தாள். யுவராணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். நஸீரா...

லத்தீபா (ஆமாம், பேருந்துக்காரி அவள்தான்) அந்த இடத்தோடு கதையை நிறுத்திப் பேருந்திலிருந்து இறங்கிவிட்டாள். சான்று கிடைத்ததா என்று ஜன்னல் வழியே கூவிக் கேட்டேன். திரும்பிப் பார்த்து அதே சிரிப்பு.

முடிவுவரை உங்களையே நீந்திவர விட்டிருக்கலாம். பார்க்கப் பாவமாக இருந்தது, பாதிவழி நானே வந்துவிட்டேன். பேனா உங்களிடம் இருக்கிறது, கண்ணுகளா. ஹுமைரா ஈரத்தோடு நிற்கிறாள்.